சனிக்கிழமை மூச்சு வகுப்புக்காகச் சிறைக்குள் வர அனுமதி

அனுப்புநர்:
செ. ஆண்டியப்பன்,
4ஆம் லயம், மேற்பிரிவு,
பனிமலைத் தோட்டம், திம்புள்ள.

பெறுநர்:
சிறைச்சாலை அத்தியட்சகர் அவர்கள்.

பொருள்: விடுதலையான கைதியை வாசலில் திருப்பி அனுப்புவது பற்றிய முறைப்பாடு.

கனம் ஐயா,

1. என் மனைவி வீரம்மாவின் தேயிலைக் கொழுந்துக் கூடையைக் காலால் உதைத்த, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவை அடித்த குற்றத்துக்காகத் தங்கள் சிறையில் ஆறு மாதம் இருந்து, கடந்த மாசியில் விடுதலையானேன். தண்டனை பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

2. அங்கே சனிக்கிழமைதோறும் அட்டன் பாடசாலை ஆசிரியை டோரீன் வந்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கக் கற்பித்தார். முதல் நாளே பக்கத்திலிருந்த மூக்கன் என்ற கைதி குறட்டை விட்டார். டீச்சர் கோபிக்கவில்லை. "அவரு மூச்சு நல்லா கேக்குதுல்ல, இன்னைக்கு அதையே கவனிங்க" என்றார். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது, பல மாதமாக இறுகியிருந்த என் நெஞ்சு இளகியதை உணர்ந்தேன்.

3. தொழிற்சங்கம் பேசியதில் தோட்டத்தில் மறுபடி வேலை கிடைத்தது. முதல் நாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் அதே கண்டாக்கு ஐயா எல்லோர் முன்னிலையிலும் என்னை ஏசினார். எனக்கு மறுபடி அடிக்கத் தோன்றியது உண்மை. மூன்று மூச்சுக் கவனித்தேன். நான் கண்ணை மூடி நிற்பதைக் கண்டு அவர் ஓரடி பின்வாங்கி, "என்னடா செய்யிற?" என்றார். "மூச்சு விடுறேங்க ஐயா" என்றேன். பெரட்டுக்கு வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து அவரும் சிரித்தார். அன்று மாலை நான் வீட்டுக்குப் போனேன். தங்களிடம் திரும்பி வரவில்லை.

4. சித்திரையில் டீச்சர் கொத்மலைக்கு மாற்றலாகிப் போனதால் வகுப்பு நின்றுவிட்டது. அதன்பின் மூக்கன் இரண்டு சண்டைகளில் சிக்கி, தண்டனைக் குறைப்பை இழக்கும் நிலையில் இருப்பதாக அவரைப் பார்த்து வந்த அவருடைய தங்கை அழுதுகொண்டு சொன்னார். டீச்சரிடம் கேட்டு வாங்கிய கடிதத்தோடு, வகுப்பை நானே நடத்தலாம் என்று இரண்டு சனிக்கிழமை வந்தேன். வாசல் காவலர் திரு. முத்துலிங்கம், "எல்லாரும் வெளிய போகத்தான் மனு போடுவாங்க. நீங்க உள்ள வரணும்னா பெரியவருக்கு எழுதுங்க" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

5. ஆகவே, சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் என்னை உள்ளே அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீரம்மாவும் சம்மதித்துவிட்டார். ஆனால் நேரம் முடிந்ததும் என்னை மறக்காமல் வெளியே விட வேண்டும் என்று எழுத்தில் கேட்கச் சொன்னார். அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செ. ஆண்டியப்பன்

இடம்: திம்புள்ள
திகதி: 11.06.1979