பேய்க்கு நான் வைத்த கால்

அக்கா,

பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த வெள்ளை அங்கியை இன்று வெளியே எடுத்தேன். அந்துருண்டை வாசத்துக்கு அடியில் உங்கள் மிஷின் எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. ஆண்டு விழாவில் நடித்த அதே பேய்க்கதையை வட்டாரப் போட்டியிலும் தனியாக நடிக்க வேண்டுமாம். தமிழ் மிஸ்ஸின் உத்தரவு.

போன வருஷம் நீங்கள் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தபோது, கம்பெனியில் மிஞ்சிய பனியன் துணியில் இதைத் தைத்துக் கொடுத்தீர்கள். பேய்க்குப் பனியன் துணியா என்று கிண்டல் செய்தேன். திருப்பூர்ப் பேய் வேறு எதைப் போடும் என்றீர்கள். வாயாடி நானே சிரித்துவிட்டேன். எக்ஸ்போர்ட் சரக்கு மாதிரி ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்து, பிசிறு வெட்டித்தான் கையில் கொடுத்தீர்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒற்றையடிப் பாதையில் போகிறவனை நிறுத்தி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் பேய். அவனும் நானே, பேயும் நானே. எப்போது யார் பேசுவது என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. குரலை மாற்றிப் பார்த்தேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்போதுதான் உங்கள் வலது கால் கண்ணில் பட்டது. பதினெட்டு வருஷம் ஓவர்லாக் தையல் மிஷின் மிதித்த கால். டீ குடிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் தரையில் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டே இருக்கும். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். நான் உங்கள் காலை எடுத்து வைத்துவிட்டேன். கால் ஆடினால் பேய், நின்றால் ஆள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண்டு விழாவில் கூட்டம் சிரித்துத் தீர்த்தது. பாதிப் பேர் வீட்டில் அந்தக் கால் இருக்கிறதே. முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டீர்கள். "ஏட்டி, என் காலு அப்படியா ஆடுது? எனக்குத் தெரியவே தெரியாதே."

"அது ஆடலைங்க அக்கா, ஆடல் கலை" என்றேன்.

சிரித்தீர்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி வேண்டாம் என்பீர்கள். தரையில் சம்மணம் போட்டு, இரண்டு பாதங்களையும் சேலைக்குள் இழுத்துக்கொள்வீர்கள். அம்மா கால் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோயில் கொடைக்கு ஊருக்குப் போன நீங்கள் அங்கேயே மஞ்சள் காமாலையில் இறந்துபோனீர்கள். உங்கள் தம்பி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்.

இன்று ஒத்திகையில் காலை ஆட்டாமல் நடித்தேன். மிஸ் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏன் கண்ணு, அதுலதானே நாடகத்தோட உசுரே இருக்குது?"

"அது என்னோடது இல்லீங்க மிஸ்."

யாருடையது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் பேய்க்கு வேறு அடையாளம் கண்டுபிடி, இல்லையென்றால் போட்டிக்கு உன் பெயரைக் கொடுக்க முடியாது என்றார். இன்னும் எதுவும் தோன்றவில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்கே போனாலும் என்கூட வருவது அதுதான். அன்று மேடையிலிருந்து உங்களைப் பார்த்தேன் அக்கா. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, நீங்கள் குனிந்து, இரண்டு கைகளாலும் உங்கள் வலது முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கதையில் பேய்க்கு அதற்குமேல் வேலை இல்லை. நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வந்தது. நான் இன்னொரு தடவை மிதித்தேன்.