பதினேழு திருஷ்டிப் பொட்டு

3 பிப்ரவரி 2025, திங்கள்

புது டைரியைக் குமரப்பன் இன்றைக்குத்தான் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். ஜனவரி முழுக்க எழுதாமல் போயிற்று. பிள்ளையார் சுழி போட்டதும் முதலில் பேரன் பேத்திகளின் விவரம் எழுதுவது என் வழக்கம். படிக்கிறவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் எழுதிப் பார்த்தால் ஒரு நிறைவு.

ஆதித்தன். என் மகன் குமரப்பனின் மூத்த பிள்ளை. கனடாவில் சினிமாவுக்கு மழையும் புயலும் கம்ப்யூட்டரில் செய்கிறான். போன வருஷம் அவன் செய்த வெள்ளத்தில் ஒரு பாலமே அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கம்பெனியில் தண்ணீர் என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

நீலாயதாட்சி. மகள் வயிற்றுப் பேத்தி. மதுரையில் பல் டாக்டர். காலேஜில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பையனையே கட்டிக்கொண்டாள். ஆகவே இரண்டு இடமும் நம் வீட்டில்தான்.

மீனு. ஆதித்தனின் தங்கை. இருபத்தாறு வயது. பெங்களூரில் ஆப் செய்கிறாள். வயதானவர்களுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும், வந்த கடுதாசியை வாசித்துக் காட்டும், வெகுநேரம் நாம் அசையாமல் கிடந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும். பெயர் ‘பக்கத்துணை’. அது பேசுகிற தமிழ் முழுக்க என் பேத்தி எழுதியது. அடுத்த திங்கள் வெளியே விடுகிறார்கள்.

மூவர் படமும் சுவரில் இருக்கிறது. மற்ற இருவரும் பட்டம் வாங்குகிற படம். மீனுவுடையது மட்டும் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. வேலையில் சேர்ந்த அன்று எடுத்தார்களாம். பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி நிற்கிறாள்.

6 பிப்ரவரி

மீனு பொங்கலுக்கு வாங்கிக்கொடுத்த வாட்சைப் பற்றி என் அபிப்பிராயம்: நேரம் சரியாகக் காட்டுகிறது. மற்றதெல்லாம் யோசிக்க வேண்டியது. அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று சீயம் சுட்டேன். ‘எழுந்து நில்லுங்கள்’ என்கிறது. பிறகு உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றினேன். ஆயிரத்து நூறு அடி நடந்துவிட்டேன் என்று பாராட்டுகிறது.

பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சியிடம் சொன்னேன். இது முன்னமே தெரிந்திருந்தால் பழனிப் பாதயாத்திரையை இங்கேயே முறுக்குச் சுற்றி முடித்திருக்கலாமே என்றார்கள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆதித்தன் வேலை பார்த்த படம் டிவியில் வந்தது. இரண்டேகால் மணி நேரம். கதை பெரிதாக ஒன்றுமில்லை, அண்ணன் தம்பி சண்டை. நான் உட்கார்ந்தது கடைசியில் ஓடும் பெயர்களுக்காக. பெயர்கள் கிளம்பினதுதான் தாமதம், டிவி அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, அடுத்து இதைப் பாருங்கள் என்று வேறொரு படத்தை ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அந்தப் படத்தில் ஒருவனைக் கொன்றே விட்டார்கள்.

ஆறு மாதம் தண்ணீர் செய்த பிள்ளையின் பெயரை வாசிக்க ஒரு நிமிஷம் தரக் கூடாதா? இப்படிச் சுருக்கச் சொன்னவனுக்கும் எங்கேயாவது ஒரு அப்பத்தா இருப்பாளே. அவன் பெயரை அவள் எதில் போய்ப் பார்ப்பாள்?

12 பிப்ரவரி, புதன்

ஆப் வந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் ஸ்டார் போட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாலு தவிர எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு. கடைசியில் நாலு புள்ளி ஒன்பது என்று நிற்கிறது.

மீனு சாயங்காலம் பேசினாள். ஆபீஸில் இரண்டு புது ஆப் இருக்கிறதாம். மாதக் கடைசியில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

“அதுவரைக்கும் நாலுக்கு மேல நிக்கணும் அப்பத்தா. இல்லைன்னா எங்க ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாக.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வேகமாகச் சொன்னாள். சின்ன வயதிலிருந்து பயந்தால் அவளுக்குப் பேச்சு வேகமாகிவிடும்.

என்ன வேலையோ அது. காலையில் நின்றுகொண்டு பேசும் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. வீடியோவில் காட்டினாள், எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். ஆபீஸில் ஊஞ்சல்கூடக் கட்டியிருக்கிறார்கள். ஆட யாருக்கும் நேரமில்லை.

13 பிப்ரவரி

முப்பத்தெட்டுப் பேர். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. இது நல்லதற்கில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு. சங்கடஹர சதுர்த்தி

எப்போதும்போல் பதினேழு பேர் வேனில் பிள்ளையார்பட்டி போய்வந்தோம். நல்ல தரிசனம்.

போகும்போதே தேனம்மை ஆச்சியிடம் என் மனதில் உள்ளதைச் சொன்னேன். கட்டுகிற வீட்டுக்குப் பூசணிக்காயில் முகம் எழுதித் தொங்கவிடுகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டினால் கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் வெளியே எடுக்கிறோமா? மீனுவின் ஆப் மட்டும் அப்பழுக்கில்லாமல் அத்தனை பேர் கண் முன்னால் நிற்கிறது. அந்த இன்னொரு ஆப்புக்காரர்கள் பார்க்க மாட்டார்களா? அதனால் நான் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, ஒரு குறையும் எழுதி, பொட்டு வைத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

தேனம்மை ஆச்சி யோசித்துவிட்டு, அவ்வளவு வெளிச்சத்தில் ஒரு பொட்டு தெரியாது, எல்லாரும் வைப்போம் என்றார்கள். வேன் முழுக்கச் சேதி பரவியது. யாரோ ஒரு ஆச்சி, மார்க் குறைந்துவிடாதா என்று கேட்டார்கள். நான்தான் தைரியம் சொன்னேன்.

“ஒண்ணு போட்டாலும் ஒண்ணு கூடத்தானே செய்யும் ஆச்சி. குறையவா போகுது?”

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். பொய்க்குறை எழுதக் கூடாது. ஆளுக்கு அரைமணி உபயோகித்துப் பார்த்து, உண்மையில் பிடிக்காததைச் சொல்ல வேண்டும். திரும்பும்போது எல்லாரும் மைக் படத்தை அமுக்கிப் பேச, அதுவே எழுதிக்கொண்டது. பெயரும் காட்டாது. எங்கள் போன்களெல்லாம் பிள்ளைகள் பெயரில் இருக்கின்றன, என்னுடையதில் ‘புதிய பயனர்’ என்றுதான் இருக்கிறது. மீனுவுக்கே தெரியாமல் காவல் வைத்த மாதிரி.

நான் சொன்னது: “பேரழகு. ஆனால் எழுத்து கடுகளவு. மூடுகிற இடத்தில் ‘வெளியேறு’ என்று இருக்கிறது. நாங்கள் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. ‘போய்ட்டு வாரேன்’ என்று வைக்கவும்.”

மனது லேசாகிவிட்டது.

18 பிப்ரவரி, செவ்வாய்

மீனு பேசினாள். மூன்று புள்ளி ஏழாம்.

ஒரே நாளில் காரைக்குடிப் பக்கமிருந்து பதினேழு பேர் ஒற்றை ஸ்டார் போட்டிருக்கிறார்களாம். அந்த இன்னொரு ஆப்புக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தது என்று ஆபீஸில் நினைக்கிறார்களாம்.

“மூணு பேரு எழுதுனதுல நடுவுல ‘டீ குடிக்க நிப்பாட்டவா ஆச்சி’ன்னு வருது அப்பத்தா. ஏதோ ரகசியக் குறின்னு உக்காந்து பேசிக்கிட்டிருக்காக. உங்க ஊர்தானே, உனக்குத் தெரியுமாங்கிறாக.”

அது வேன் டிரைவர் இருளாண்டியின் குரல். குன்றக்குடி தாண்டியதும் கேட்டான்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

கூடத்தானே செய்யும்? ஐந்தோடு ஒன்று சேர்ந்தால் ஆறுதானே? எப்படிக் குறைந்தது?

19 பிப்ரவரி

இன்றும் சொல்லவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

தேனம்மை ஆச்சி சொல்ல வேண்டாம் என்றார்கள், அழித்துவிடலாம் என்றார்கள். போட்ட இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ஆச்சி தேடப் போய், ஆப்பையே அழித்துவிட்டார்கள்.

மத்தியானம் நானே போன் போட்டேன். முதலில் கணக்கைக் கேட்டேன். அது கூட்டல் இல்லை அப்பத்தா, சராசரி என்றாள் மீனு. எல்லாவற்றையும் கூட்டி, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு வைப்பதாம். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அடுத்த பாடமாக இருந்திருக்கும். ஒரு பாடம் படிக்காததற்கு அறுபது வருஷம் கழித்து என் பேத்தியா அடி வாங்க வேண்டும்?

பிறகு சொல்லிவிட்டேன்.

“அது கூலி ஆள் இல்ல மீனு. நம்ம வேன் ஆளுக.”

பொட்டு, பூசணிக்காய், இருளாண்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

“டீ வந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஆனா நீங்களா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன் அப்பத்தா.”

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

22 பிப்ரவரி

இரண்டு நாளாக போன் இல்லை. என் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று வாட்ச் சொல்கிறது. அது சரியாகச் சொன்ன முதல் விஷயம்.

23 பிப்ரவரி

மீனுவிடமிருந்து ஒரு வரி. நாளை பதினொரு மணிக்கு அவள் மேலதிகாரி ரோகிணி வீடியோவில் எங்களோடு பேச வேண்டுமாம். பதினேழு பேரும் வேண்டுமாம்.

24 பிப்ரவரி, திங்கள்

பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். போலீஸ் விசாரணை என்று நினைத்து எட்டுப் பேர் பட்டுச்சேலையில். தேனம்மை ஆச்சி கந்தரப்பம் சுட்டு எடுத்துவந்திருந்தார்கள், வீடியோவில் எப்படிக் கொடுப்பது என்று யோசிக்காமல்.

ரோகிணி திருச்சிப் பெண். நாற்பதுக்குள் இருக்கும். ஓரத்துக் கட்டத்தில் மீனு, என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கும்பிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்றேன். எனக்கே பேச்சு வேகமாக வந்தது. மீனுவுக்கு அந்த வேகப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரோகிணி சிரிக்கவில்லை. அந்த முப்பத்தெட்டுப் பேரும் யார் தெரியுமா என்று கேட்டாள். எல்லாம் ஆபீஸ் பிள்ளைகளும் அவர்கள் சிநேகிதர்களுமாம். முப்பது வயது தாண்டியவர் ஒருவர் இல்லையாம். ஒருவரும் ஒரு மாத்திரை விழுங்குகிறவர் இல்லை.

“வயசானவங்களுக்குன்னு செஞ்ச ஆப்பை வயசானவங்க தொட்டது இதுதான் முதல் தடவைம்மா. ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

சொன்னார்கள். நிறுத்த முடியவில்லை. மாத்திரை போட்டுவிட்டேன் என்றால் ‘சபாஷ்’ என்கிறதே, நான் என்ன பாலர் வகுப்பா என்றார்கள் தேனம்மை ஆச்சி. எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடு என்கிறது, சஷ்டி விரதத்தன்று சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டு மயங்கி விழவா என்றார் இன்னொருவர். மதியம் கண் அயர்ந்தால் அசையவில்லை என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிட்டது, அவன் அலறிப்போய் ஊரையே எழுப்பினான் என்றார் மூன்றாமவர். ரோகிணி எழுதிக்கொண்டே இருந்தாள். விரதம் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மீனுவைப் பார்த்தாள். மீனு தலை நிமிர்ந்தாள்.

கடைசியில், ஒன்றும் வாக்குக் கொடுக்க முடியாது என்று ரோகிணி சொல்லிவிட்டாள். கந்தரப்பத்தை நாங்களே சாப்பிட்டோம்.

28 பிப்ரவரி

மாதக் கடைசி. மீனுவிடமிருந்து மத்தியானம் ஒரு வரி: “இன்னும் இருக்கோம் அப்பத்தா. ஏப்ரல் வரைக்கும் டைம் கொடுத்திருக்காக.”

வாட்சைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டேன்.

17 மார்ச், திங்கள். சங்கடஹர சதுர்த்தி

பிள்ளையார்பட்டி போய்வந்தோம். இருளாண்டியிடம், யாரும் போனில் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஊர் வரும்வரை அவன் டீயைப் பற்றியே பேசவில்லை. எல்லாருக்கும் தலைவலி.

போன வாரம் புது ஆப் வந்திருக்கிறது. எழுத்து மிளகு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சபாஷ் போய்விட்டது. ‘இன்று விரதம்’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால், எந்த மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்கிறது. மத்தியானத் தூக்கத்துக்குத் தனியாக நேரம் குறித்துக்கொள்ளலாம். மூடுகிற இடத்தில் ‘போய்ட்டு வாரேன்’. அதை அமுக்கினேன். திறந்தேன். திரும்ப அமுக்கினேன். ஏழெட்டுத் தடவை.

மீனு வேனுக்கே வீடியோவில் வந்து, ஸ்டாரை மாற்றும் இடத்தை ஒவ்வொருவருக்காகக் காட்டிக்கொடுத்தாள். மனதில் பட்டதைப் போட்டால் போதும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பதினாறு பேரும் அஞ்சுதான். நான் கடைசியாகப் போனை எடுத்தேன். விரலை வைக்கப் போகும்போது தடுத்தாள்.

“உங்களோட ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டும் அப்பத்தா. கண்ணு பட்டுருச்சுன்னா?”

தேனம்மை ஆச்சி என் தொடையில் கிள்ளினார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தூசி.

ஏப்ரல் என்ற பேச்சை இப்போது அவள் எடுப்பதில்லை. வைக்கும் முன், புது அடையாள அட்டை வந்திருக்கிறது, பெயருக்குக் கீழே புதுப் பதவியும் ஒரு வரி கூடியிருக்கிறது என்றாள், ஏதோ கறிவேப்பிலை வாங்கியதைச் சொல்வது மாதிரி.

நாளைக் காலையில் அவளுக்குச் சொல்ல மறக்கக் கூடாதது: புது அட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். போனில் அனுப்பினால் செல்லாது, அது ஆணியில் நிற்காது. காகிதத்தில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில். சிரித்த முகமாக. பொட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வந்ததும் சட்டம் போட்டு, கண்ணாடி மேல் கன்னத்துக்கு நேராக நானே மையால் வைத்துக்கொள்கிறேன்.