கோட்டில் பட்ட பந்து

முப்பிடாதிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இது மூன்றாவது தாள், இரண்டைக் கிழித்தாயிற்று.

இங்கே ஒரகடத்தில் உள்ளரங்கில் ஆண்கள் ஒற்றையர் டென்னிஸ் போட்டி நடக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கோட்டருகே நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல, கண் கூர்மையான ஆள் வேண்டுமென்று எங்கள் கம்பெனியில் கேட்டார்கள். ஆறு வருடமாக செல்போன் கண்ணாடியில் கீறல் தேடுகிறவன் நான். பயிற்சி கொடுத்து என்னைக் கோட்டருகே நிறுத்திவிட்டார்கள்.

நேற்று அரையிறுதி. கடைசிப் பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. பட்டதா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டு "அவுட்" என்று கத்திவிட்டது. கம்பெனியில் அதுதானே பழக்கம். துளி சந்தேகம் வந்தாலும் ரிஜெக்ட். மேலே உட்கார்ந்திருந்த நடுவர் உடனே அதை மாற்றினார். பந்து கோட்டில் பட்டிருந்ததாம்.

ஆட்டம் முடிந்ததும் கோட்டு நடுவர்களின் தலைவர் ரங்கநாதன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா நீ? கண்ணால பாத்தியா? பாக்கலேன்னா கம்முனு இருக்கணும். டவுட்டு வந்தா அது நல்ல பந்துதான்."

அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மண்ணூரில் நம் அறைக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அன்று உன்னைப் போனில் அழைத்தது யார் என்று இனி கேட்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். ஞாயிறு காலை சங்கரன்கோவிலில் உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். உன் பெட்டியை வாசலில் வைத்தவன் நான். நானே அதைத் திரும்பத் தூக்கி வருகிறேன்.

வரமாட்டேன் என்பதானால், என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்.

வாய் முந்திய,
உன் வீட்டுக்காரன்