தட்டு மூடியபின் போகும் காற்று

கைவிரல்களில் இன்னும் கரி கழுவும் ஸ்பிறேயின் மணம். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. பரவாயில்லை. உன் ஸ்கூட்டி இன்று சரியாகிவிட்டது. அதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நீ காய்ச்சலில் செத்துப்போனபிறகு, உன் அம்மா ஸ்கூட்டியின் திறப்பை என் கையில் தந்தார். "நீயே ஓடு பிள்ளை. கிளினிக்குக்கு என்னையும் ஏத்திக்கொண்டு போ" என்றார்.

கொஞ்ச நாளில் அது நிற்கத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை, முறுக்கிய கைப்பிடியை விட்டு வேகம் குறைத்தால் எஞ்சின் அணைந்துவிடும். போன மாதம் ரயில் கடவையில், தண்டவாளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. நான் தள்ள, அம்மா இறங்கி ஓடினார்.

"அவள் ஓடேக்க ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை. நான் இனி இதில ஏறமாட்டன்."

பயத்தில் சொன்னதுதான். ஆனால் உன் வண்டியை நான் பழுதாக்கிவிட்டேன் என்றே எனக்குக் கேட்டது.

இன்று கராஜ் அண்ணை திரொட்டில் பொடியைக் கழற்றினார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய் அது. நடுவில் வட்டமாக ஒரு தட்டு. கைப்பிடியை முறுக்கினால் தட்டு திறக்கும், விட்டால் மூடும். மூடினால் எஞ்சினுக்குக் காற்று எப்படி? பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் கை உயர்த்தாதவள் நான், உனக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டுக்கு முன்னால், குழாய்ச் சுவரில், கரி பிடித்த ஒரு சின்னத் துளை.

"அண்ணை, இந்த ஓட்டை எங்க போகுது?"

"கம்பஸில ஓட்டையும் படிப்பிக்கிறவையோ?" என்று சிரித்துவிட்டுக் காட்டினார். துளை தட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்த் திறக்கிறது. தட்டு மூடியிருக்கையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது அந்த வழியால் போகும் காற்றில்தான். ஸ்பிறே அடித்தார், மறுபக்கம் ஒன்றும் வரவில்லை. ஊறவிட்டுக் காற்றடித்தார். கறுப்பாக வழிந்தது.

"இது ஒண்டு ரெண்டு மாசத்துக் கரி இல்லை, தங்கச்சி. வருசக்கணக்காச் சேர்ந்தது."

அப்போதுதான் நினைவு வந்தது. சந்திகளில் நிற்கும்போது நீ சும்மா சும்மா கைப்பிடியை முறுக்குவாய். சனம் திரும்பிப் பார்க்கும். நான் உன் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளிப்பேன்.

"விடடி, பாக்கினம்."

"பாக்கட்டும். விட்டா இவர் நித்திரையாயிடுவார்."

பகிடி என்று நினைத்தேன். உன் காலத்திலேயே அது நிற்கத்தான் பார்த்திருக்கிறது. நீ நிற்க விடவில்லை. அம்மாவுக்குச் சொல்லவுமில்லை, கள்ளி. எனக்கு உன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதிதான். நான் பழுதாக்கவில்லை.

பின்னேரம் உங்கள் வீட்டுப் படலையடியில் கைப்பிடியை விட்டுவிட்டு, கால் இரண்டையும் ஊன்றி இருந்தேன். அம்மா எட்ட நின்று பார்த்தார்.

"ஓடுதோ? சத்தத்தைக் காணேல்லை."

"ஓம் அம்மா. கை வச்சுப் பாருங்கோ."

சீற்றில் கை வைத்தார். கொஞ்சநேரம் எடுக்கவில்லை. பிறகு சீலையைச் செருகிக்கொண்டு ஏறினார். "சந்தி மட்டும்தான்" என்றார்.

சந்தி தாண்டியும் இறக்கச் சொல்லவில்லை. குளக்கட்டால் திரும்பும்போது, இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்து, அவரின் நாடி என் தோளில் வந்து அமர்ந்தது. அந்தப் பாரத்தோடு மெல்ல மெல்ல ஓடினேன்.