உரியாத பெயிண்ட்

அன்புள்ள ராஜிக்கு,

நீயும் பிள்ளையும் சுகந்தானே? அம்மாவின் முட்டுவலி தேவலையா? நான் நலம். தலையில் ஏழு தையல் மட்டும்.

பெயிண்டில் கலக்கச் சுண்ணாம்புக்கல் தூளைவிட உமிச்சாம்பல்தான் உழைக்கும், மலையை வெட்டவும் வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். தூள் சப்ளை செய்யும் ஏரல் ஐயம்பெருமாள் அண்ணாச்சி லேபுக்குள் பாய்ந்துவிட்டார்.

"ஏலே, ஊர்க்காரன் பொழப்புலயே மண்ணள்ளிப் போடுதியா?"

சாம்பல் பெயிண்ட் பூசி வைத்திருந்த இரும்புத் தகட்டாலேயே மண்டையில் மூன்று போடு போட்டார். சட்டையெல்லாம் ரத்தம். அடித்த கையோடு அவரே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப்போனார். அங்கே, கூடவே கொண்டுவந்திருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்து, "ஒரு பொட்டு உரியலையே வே" என்றார்.

அம்பாசமுத்திரம் மில்லில் உமி ஒரு சாக்கு சொல்லிவை. சட்டை ஒன்று அனுப்பு.

போலீசுக்குப் போகவில்லை. இந்த அசலூரில் என்னை 'ஏலே' என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

நர்ஸ் அழைக்கிறாள்.

கோமதிசங்கர்