காய்ச்சல் இறங்கும்போது

யோசு, தென் கொரியா, மார்ச் 3

அன்புத் தம்பி கிதேவுக்கு,

கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்த மின்னஞ்சலாவது உன் கைக்கு உடனே வரட்டும். அம்மாவின் புற்று எலும்புக்கும் போய்விட்டது. இப்போது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வேறு. இனி வலிக்கு மட்டும் மருந்து போதும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார் டாக்டர். ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை. நிறுத்தட்டுமா? ஒரே மகன் உன்னைக் கேட்காமல் செய்தால் பெரியப்பா என்னைத் தொலைத்துவிடுவார்.

உன் அக்கா,
கும்ஜா

நடுக்கடல், மார்ச் 5

அக்கா,

நிறுத்தாதே. ஏப்ரல் பத்தாம் தேதி கப்பல் பூசானுக்கு வந்துவிடும். அதுவரை எதையாவது ஏற்றிக்கொண்டே இரு. அப்பா போனபோதும் நான் கடலில்தான் இருந்தேன். உயிர் போகும்போது பக்கத்தில் இல்லாதவன் என்ன மகன் என்று ஊரே கேட்டது. இன்னொரு தடவை அதைக் கேட்க என்னால் ஆகாது.

கிதே

யோசு, மார்ச் 14

தம்பிக்கு,

ஊசி போட்டாயிற்று. காய்ச்சல் இறங்கியது. இறங்கினால் அம்மாவுக்கு நினைவு வருகிறது, கூடவே வலியும் வந்துவிடுகிறது. வலி மருந்தைக் கூட்டியும் முழுதாக அடங்கவில்லை. நேற்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"காய்ச்சல்ல நல்லாத்தான்டி கிடந்தேன். உங்கப்பாவோட சிப்பி அள்ளிட்டு இருந்தேன். ஏன் திரும்ப இழுத்துட்டு வந்தே?"

"கிதே வரணும்ல, அம்மா."

"அவன் பொறந்ததே ரெண்டு வாரம் லேட்டு. இப்ப மட்டும் சீக்கிரமா வந்துடப் போறானாக்கும்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இதைப் படித்த பிறகும் போடு என்றால் போடுகிறேன்.

கும்ஜா

நடுக்கடல், மார்ச் 16

அக்கா,

நிறுத்திவிடு. பெரியப்பா கேட்டால் நான்தான் சொன்னேன் என்று சொல்.

கிதே

யோசு, மார்ச் 22

கிதே,

அம்மா முந்தாநாள் போய்விட்டாள். கடைசிவரை வலி மருந்து மட்டும்தான். காய்ச்சல் ஏற ஏற முகம் தெளிந்தது. நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிதே, வந்துட்டியா? கை ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்கு? கடல்லேர்ந்து நேரா வர்றியா?"

"ஆமாம்மா, இப்பத்தான் எறங்கினேன்" என்றேன். அதன்பிறகு கையை விடவே இல்லை.

எட்டு மாதம் பக்கத்தில் இருந்தவள் நான். கடைசியில் என் பெயர் அவள் வாயில் வரவில்லை என்பது எனக்குக் குறைதான், மறைக்க மாட்டேன். ஆனால் யாராவது கேட்டால் நிமிர்ந்து சொல், நீ பக்கத்தில் இருந்தாய். காய்ச்சலை இறக்கியிருந்தால் அங்கே நான் மட்டும்தான் இருந்திருப்பேன்.

பூசானில் இறங்கியதும் நேராக வீட்டுக்கு வா. நாற்பத்தொன்பதாம் நாள் படையலில் மகன் ஊற்றும் முதல் கிண்ணம் மதுவை நீதான் ஊற்ற வேண்டும். அன்றைக்காவது நான் கும்ஜாவாகவே அம்மாவுக்கு முன்னால் நிற்கிறேன்.

அக்கா