ஸ்கோர் நோட்டு

ஜூலை 6

என் செல்லத்துக்கு,

வந்து சேர்ந்தேன், நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது, கடிதமே மேல் என்று நீதானே சொன்னாய்? இதோ, பேனாவை எடுத்துவிட்டேன். இனி நீ தப்ப முடியாது.

நாற்பத்தாறு வயதில் உடற்கல்வியில் முதுகலை படிக்க வந்து நிற்கிறேன். விடுதிக் காவலாளி என்னைப் பார்த்து, "பொண்ணைச் சேர்க்க வந்தீங்களாம்மா? பெத்தவங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார். நானும் அசடு வழியக் கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அறைத் தோழிக்கு இருபத்திரண்டு வயது. காலையில் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடவேண்டும். எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது, அவளோ பாடிக்கொண்டே ஓடுகிறாள்.

அப்பா தைத்துக் கொடுத்த டிராக் பேண்ட்டில் நாலு பாக்கெட் இருக்கிறது. விசிலுக்கு ஒன்று, ஸ்டாப்வாட்சுக்கு ஒன்று. மற்ற இரண்டும் எதற்காம்? கேட்டு எழுது.

உன் அம்மா

ஜூலை 17

அம்மா,

அப்பாவைக் கேட்டேன். தையல் மிஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒண்ணு மூக்குக்கண்ணாடிக்கு, இன்னொண்ணு முட்டிவலித் தைலத்துக்கு" என்றார். அவர் சமையலைப் பற்றி மட்டும் கேட்காதே. நேற்று உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்து மூன்று முறை போட்டிருக்கிறார்.

பள்ளியில் உன் இடத்துக்கு ஒரு பி.டி. சார் வந்திருக்கிறார். முதல் நாளே, "எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க" என்றார். "சார், நான் ஸ்கோர் எழுதுறவ. எங்க அம்மா இருந்தப்பவே அப்படித்தான்" என்று நோட்டை நீட்டினேன். "நோட்டை வச்சுட்டு வாம்மா" என்கிறார்! உடனே எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அன்றிலிருந்து பி.டி. பீரியடுதோறும் அது தவறாமல் வருகிறது.

உன் மகள்

ஆகஸ்ட் 29

செல்லம்,

சிரிக்காமல் படி. உன் அம்மா ஃபெயில்.

பக்கத்துப் பள்ளியில் பயிற்சி வகுப்பு நடத்தினேன். எறிபந்து. இருபது வருட அனுபவமாயிற்றே, வகுப்பு கன ஜோராக நடந்தது. பேராசிரியை ஒரு மூலையில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். முடிந்ததும் கூப்பிட்டு, "உங்க வகுப்பு பாக்க அழகா இருந்துச்சு. ஆனா அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு, நாப்பது நிமிஷத்துல நாலு நிமிஷந்தான் அசைஞ்சிருக்கா. மீதி நேரம் அவளுக்கு என்ன வகுப்பு?" என்றார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, செப்டம்பர் இருபதாம் தேதி. அதிலும் கோட்டைவிட்டால் பட்டம் கிடையாது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

இரண்டு கேப்டன்கள் ஆள் பிரித்தபோது அந்தப் பெண்ணை யாருமே கூப்பிடவில்லை. பாவமாக இருந்தது. கையில் நோட்டைக் கொடுத்து ஸ்கோர் எழுத உட்காரவைத்தேன்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து உன்னையும் அப்படித்தானே உட்காரவைத்தேன்? கடைசியாளாக நீ நிற்கக்கூடாது என்றுதான் செய்தேன். உனக்கு அது பிடித்திருந்ததா? மழுப்பாமல் சொல்.

அம்மா

செப்டம்பர் 8

அம்மா,

பிடிக்கவில்லை. ஒருநாளும் பிடிக்கவில்லை. பி.டி. டீச்சரின் மகளுக்குப் பந்து பிடிக்கத் தெரியவில்லையே என்று நீ வெட்கப்படுகிறாய், அதனால்தான் ஒளித்துவைக்கிறாய் என்று நினைத்தேன். ஐந்து வருடம், மூன்று நோட்டு. எல்லார் பெயரும் இருக்கிறது. என் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?

மறுநாள் காலை எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழிக்கப் போனேன். அப்பா, "கிழிக்காத, அவ கேட்டாள்ல, அனுப்பு" என்றார்.

கோபம் இருந்தாலும் நீ பெட்டியோடு திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். கேப்டன் வைத்து ஆள் பிரிக்காதே. அதிலேயே எட்டு நிமிடம் போகிறது, நாலு பேருக்கு மானம் போகிறது. நாற்பது பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் ஏழு பேர்தான் ஆடுவார்கள், நோட்டில் திரும்பத் திரும்ப அதே ஏழு பெயர். நாலு பேருக்கு ஒரு பந்து கொடு. யாரையும் அவுட் ஆக்கி உட்காரவைக்காதே. ஆடத் தெரியாதவள்தான் முதலில் அவுட் ஆவாள், அவள் எப்போது கற்றுக்கொள்வது? முக்கியமாக, ஸ்கோர் வேண்டாம்.

உன் மகள்

செப்டம்பர் 21

என் கண்ணே,

பாஸ்!

நீ சொன்னபடியே அச்சு அசலாகச் செய்தேன். பத்துப் பந்து, கேப்டன் இல்லை, அவுட் இல்லை. ஒரே கூச்சல். பேராசிரியை மறுபடியும் அதே ரெட்டைச் சடையைத்தான் குறிவைத்தார். முப்பத்தொரு நிமிடம் அசைந்திருக்கிறாள்! "எந்தப் புத்தகத்துல பாத்தீங்க?" என்று கேட்டார். "புத்தகம் இல்லைங்க, என் பொண்ணு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெட்கக்கேடு, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால்.

உன் கடிதத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். உன்னை நினைத்து நான் வெட்கப்பட்டதே இல்லையடி. ஆனால் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து வருடம் ஓரத்தில் உட்காரவைத்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. கடிதம் இப்போது மூன்றாவது பாக்கெட்டில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி தலையில் இருந்தால் போதும் என்று அப்பாவிடம் சொல்.

அம்மா

அக்டோபர் 4

அம்மா,

நேற்று வயிற்றுவலி வரவில்லை. சாரிடம் போய், "நானும் வரேன் சார்" என்றேன். அவர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார்.

முதல் பந்தே மூக்கில். மூக்கு வீங்கி, அப்பா ஐஸ் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டில் புதுப் பக்கம் பிரித்தேன். மேலே என் பெயர். பிடித்தது இரண்டு, விட்டது பதினேழு. எழுதியது நானே, ஆனாலும் ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை.

இன்றைக்குக் கடிதம் போதும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. மூன்று நிமிடம் தாண்டுகிறோமா பார்ப்போம். அப்பா ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறாராம்.

உன் ஆட்டக்காரி